தற்செயல் தேர்தல்

என் அண்ணன் லாரியில் அடிபட்டுச் செத்து ஏழு மாதம் கழித்து, ஒன்றிய ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். 'ஊரக உள்ளாட்சி அமைப்புகளில் ஏற்பட்டுள்ள தற்செயல் காலியிடங்களுக்கான தேர்தல்' என்று தலைப்பு. கீழே வார்டு எண், வேட்புமனு தேதி, ஓட்டுப்போடும் தேதி. அந்தத் 'தற்செயல்' என்ற சொல்லை நாலு தரம் படித்தேன். இடைத்தேர்தல் என்று போட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. ஒரு மனுசன் போய்ச் சேர்ந்ததை, கை தவறி டம்ளர் விழுந்ததைப் போல எழுதி வைத்திருக்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது.

நேரே உள்ளே போனேன். தேர்தல் வேலையைப் பார்க்கும் ஜோதி மேடம் பழைய கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன மேடம், தற்செயல்னு போட்டுருக்கீங்க? எங்கண்ணன் தற்செயலாவா செத்தாரு?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அது சட்டத்துல உள்ள வார்த்தைங்க தர்மன். ராஜினாமா பண்ணாலும் தற்செயல்தான், செத்தாலும் தற்செயல்தான். நானா எழுதுறேன்? உக்காருங்க. யாரு நிக்கிறா?"

"எங்க அண்ணிதான். சுயேச்சையா."

ஜோதி மேடம் கோப்பைத் தள்ளி வைத்தார். "சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நான் வேலைக்கு வந்ததுலேருந்து இந்த மாதிரி பன்னண்டு தேர்தல் பாத்துட்டேன். ஒம்போது எடத்துல சீட்டு கைமாறிடுச்சு. எல்லாம் ஆளுங்கட்சிக்குத்தான் போச்சு."

"மிச்சம் மூணு?"

"அது ஏற்கனவே ஆளுங்கட்சி கையில இருந்ததுங்க."

எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் கதை என்றார். நான் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். எங்கள் ஊரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு திமிர்.

எங்கள் ஊர் வெங்கனேரி. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் அப்பா காலம் வரைக்கும் ஊரான் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம். நான் பிளம்பர். பாடாலூர் பைபாஸ் ஓட்டல்களில் பாதிக்கு நான்தான் பைப் போட்டேன். அண்ணன் நடராசன் டிராக்டர் ஓட்டினார். ஊர்ப் பிரச்சினை எதுவானாலும் மனு எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார். 2019 கடைசியில் ஒன்றியக் கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றபோது அவருக்குத் தண்ணீர்க் குழாய் சின்னம் கிடைத்தது. பிளம்பர் தம்பி இருக்கும்போது கேட்க வேண்டுமா? அவருடைய டிவிஎஸ் 50 ஹேண்டில்பாரில் ஒரு பித்தளைக் குழாயையே மாட்டிவிட்டேன். தெருத் தெருவாக மைக்கில் நான் கத்திய வாசகம் ஒன்றே ஒன்றுதான்.

"கண்ண மூடிக்கிட்டு கொழாய்ல குத்துங்க!"

குத்தினார்கள். இரண்டு பெரிய கட்சிகளையும் மண்ணைக் கவ்வ வைத்து அண்ணன் ஜெயித்தார். அதற்கப்புறம் அவர் பேரே 'கொழாய்க்காரர்' ஆகிவிட்டது. அண்ணி கொளஞ்சியம்மாளைக்கூடக் கொழாய்க்காரர் வூட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஜெயித்து அண்ணன் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. எங்கள் ஊருக்குள் வரும் ஒன்றியச் சாலையைச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள் குறுக்கு வழியாக்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் அதே சாலையில்தான். இரண்டு வருசம் மல்லுக்கட்டி, கனரக வண்டி இந்தச் சாலையில் வரக் கூடாது என்று ஒன்றியக் குழுவில் தீர்மானம் போட வைத்தார். பதினைந்து பேர் உள்ள குழுவில் எட்டுக்கு ஏழு. அந்த எட்டாவது ஓட்டு அண்ணனுடையது. சாலை முனையில் இரண்டு இரும்புத் தூண் நட்டு, மேலே குறுக்கே கனத்த கம்பி போட்டார்கள். மினி பஸ் நுழையும், டிப்பர் நுழையாது.

கம்பி போட்டு இருபத்தாறாம் நாள், அந்த முனையில், மெயின் ரோட்டில் டிவிஎஸ் 50-ஐத் திருப்பும்போது ஒரு டிப்பர் அண்ணனை அடித்தது. விபத்து என்று எழுதினார்கள். வேறு மாதிரி சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் அவர் போனதும் குழு ஏழுக்கு ஏழு ஆகிவிட்டது. காலியான இடத்துக்கு யார் வருகிறார்களோ அவர் கையில்தான் அந்தக் கம்பி இருந்தது.

அண்ணிக்கு அரசியல் ஒன்றும் தெரியாது. முந்திரிக் கொட்டை உடைக்கும் வேலைக்குப் போய் வருகிறவர். கூட்டத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நிற்பார். ஆனால் ஊர்க்காரர்கள் வந்து கேட்டபோது ஒரே நிமிசத்தில் சரி என்றார்.

"எனக்குப் பதவியெல்லாம் வேணாம் தம்பி. அந்தக் கம்பியை எவனும் எடுக்கக் கூடாது. நந்தினி அந்த ரோட்டுலதானே பள்ளிக்கூடம் போவுது."

நந்தினி அவர்களுடைய ஒரே மகள். அப்போது எட்டாம் வகுப்பு.

ஆளுங்கட்சி சார்பில் வைரக்கண்ணு நின்றார். அவருக்கு ஒன்பது டிப்பர் ஓடுகிறது. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மனுத் தாக்கலின் கடைசி நாளில் செல்லப்பன் என்று ஒருவரும் சுயேச்சையாக மனுக் கொடுத்தார். யாரென்று விசாரித்தால் வைரக்கண்ணுவின் லாரி செட்டில் பஞ்சர் ஒட்டுகிறவர். டம்மி வேட்பாளர் போடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

சின்னம் ஒதுக்குகிற அன்று மூன்று மணிக்கு நானும் அண்ணியும் ஒன்றிய ஆபீசில் இருந்தோம். சுயேச்சைகள் மனுவிலேயே விருப்பப்பட்ட மூன்று சின்னம் எழுதித் தர வேண்டும். அண்ணிக்கு முதல் விருப்பம் தண்ணீர்க் குழாய். அதிகாரி செல்லப்பனுடைய மனுவைப் புரட்டினார்.

"இவரும் முதல் விருப்பம் தண்ணீர்க் குழாய்தான் கேட்டிருக்காரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "சார், அது எங்கண்ணன் சின்னம் சார்!"

"சுயேச்சைக்குச் சொந்தச் சின்னம் கிடையாதுங்க. ரெண்டு பேர் கேட்டா குலுக்கல்தான். விதி அது."

இரண்டு சீட்டு எழுதி ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். எடுக்கச் சொல்லி வாட்ச்மேன் அரியமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மனுசன் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்தார். சீட்டில் செல்லப்பன் என்று இருந்தது. செல்லப்பன் சந்தோசப்படக்கூட இல்லை, கும்பலுக்குள் நின்று பேந்தப் பேந்த விழித்தார். அண்ணிக்கு இரண்டாவது விருப்பமாக நான் எழுதியிருந்த சீப்பு கிடைத்தது. குழாய் எப்படியும் நமக்குத்தான் என்ற நினைப்பில், பட்டியலில் கண்ணில் பட்டதை எழுதி வைத்திருந்தேன்.

வெளியே வந்ததும் டீக்கடையில் எவனோ சொன்னான்: "தாலியறுத்த பொம்பளைக்குச் சீப்பு குடுத்துருக்கானுவ பாருய்யா." சிரித்தார்கள். நான் சட்டையைப் பிடிக்கப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பின் எங்களுக்குக் கிடைத்தது ஒன்பதே நாள். பிளைவுட்டில் நாலடிச் சீப்பு ஒன்று அறுத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, மினி வேனில் கட்டினேன். காலையிலும் சாயங்காலமும் ஆறு ஊர் சுற்றினோம். வைரக்கண்ணு வீட்டுக்கு வீடு என்ன கொடுத்தார் என்று நான் பேசப் போவதில்லை. அதற்கு நான் பயப்படவும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வாங்குவதை வாங்கிக்கொண்டு, தாங்கள் நினைத்தவர்களுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள்.

எனக்குப் பயம் வேறு ஒன்றில். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது நான் செய்த வேலை. அண்ணன் செத்த துக்கத்தில், பொங்கலுக்கு முன்னால் அரியலூர் பிரஸ்ஸில் ஒரு தினசரிக் காலண்டர் அடித்தேன். மேலே அண்ணன் சிரிக்கிற போட்டோ. அதற்குக் கீழே 'உங்கள் நெஞ்சில் நடராசன்'. அதற்கும் கீழே, பெரிதாக, குழாய். வார்டில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு மாதமாக ஒவ்வொரு வீட்டிலும் தினம் காலையில் எழுந்து, அண்ணன் முகத்தையும் குழாயையும் பார்த்துத்தான் தேதி கிழித்திருக்கிறார்கள். வைரக்கண்ணு செல்லப்பனுக்கு ஒரு நோட்டீஸ்கூட அடிக்கவில்லை. எதற்கு அடிக்க வேண்டும்? நான்தான் அடித்துக் கொடுத்துவிட்டேனே.

மூன்றாம் நாள் அண்ணியிடம் யோசனை சொன்னேன். "அண்ணி, சீப்பு ஸ்டிக்கர் அடிச்சுட்டேன். வூடு வூடா போயி காலண்டர்ல கொழாய் மேல ஒட்டிடலாம்."

அண்ணி ஸ்டிக்கரை வாங்கிப் பார்த்தார். "வேணாம் தம்பி."

"ஏன் அண்ணி?"

"அவரு படத்துல ஏதும் ஒட்டாத. செத்தவரை அழிக்கிற மாதிரி இருக்கு. வாயால சொல்லுவோம். நம்ம சனத்துக்குப் புரியாதா?"

அந்த இடத்தில் நான் அவரை மீறியிருக்க வேண்டும். அண்ணனுக்கு அப்புறம் அண்ணியிடம் எதிர்த்துப் பேசப் பழகியிருக்கவில்லை. ஸ்டிக்கர் கட்டு அப்படியே டூல்ஸ் பெட்டிக்குள் கிடந்தது.

வாயால் சொன்னோம். தொண்டை கட்டும் மட்டும் சொன்னோம். "கொழாய் இல்லீங்க, இந்தத் தடவை சீப்பு. சீ...ப்பு." எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எதிர் வீட்டுச் சாந்தா அக்கா அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுதது. "நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத கொளஞ்சி. எங்க வூட்டு நாலு ஓட்டும் அண்ணனுக்குத்தான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்குத்தான் என்று அது சொன்னதை நான் காதில் சரியாக வாங்கவில்லை.

ஆனி மாதம் இருபத்தைந்தாம் தேதி ஓட்டுப்பதிவு. பள்ளிக்கூடத்தில்தான் பூத். பச்சை நிற ஓட்டுச்சீட்டில் சீப்பும் குழாயும் அடுத்தடுத்து இருந்தன. வெயிலில் வரிசை வளைந்து நின்றது. நான் ஏஜெண்டாக உள்ளே உட்கார்ந்திருந்தேன். அண்ணி ஒன்பது மணிக்கு வந்து, விரலில் மை வைத்துக்கொண்டு, சீட்டை வாங்கி மறைப்புக்குப் பின்னால் போனார். வெகுநேரம் வரவில்லை. வேட்பாளர் பதற்றம் என்று நினைத்தேன். வெளியே வந்து சீட்டைப் பெட்டியில் போட்டார். என் பக்கம் பார்க்காமல் போனார்.

மூன்று நாள் கழித்து எண்ணினார்கள். எங்கள் ஊர்ப் பெட்டியைக் கவிழ்த்ததும் பச்சைச் சீட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். வைரக்கண்ணு கட்டு ஒரு பக்கம், சீப்புக் கட்டு ஒரு பக்கம், எதிர்க்கட்சி ஒப்புக்கு நிறுத்தியவருக்குச் சொற்பம். நாலாவதாகக் குழாய்க்கு ஒரு கட்டு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு சீட்டையும் கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். மை சிந்தாமல், கோட்டில் படாமல், குழாய் மேல் நடுவாக அழகாகக் குத்தியிருந்தார்கள். நான் சொல்லிக் கொடுத்த குத்து.

வைரக்கண்ணு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு. கொளஞ்சியம்மாள் ஆயிரத்து இருநூற்று நாலு. செல்லப்பன் அறுநூற்றுப் பதினொன்று.

ஒரு வீட்டு வாசலைக்கூட மிதிக்காத செல்லப்பன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "எனக்காங்க? எனக்கா இத்தினி பேரு போட்டாங்க?" என்று என்னிடமே கேட்டார். அறைந்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்தால் அடிக்கத் தோன்றவில்லை. அந்த ஆளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை.

வாசலில் ஜோதி மேடம் நின்றிருந்தார். கடந்து போகும்போது நான் சொன்னேன். "பதிமூணுக்குப் பத்துன்னு எழுதிக்கங்க மேடம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். பாவம், என் ஆத்திரத்தை அவரிடம் போய்க் காட்டியிருக்க வேண்டியதில்லை.

மினி வேனில் திரும்பினோம். பிளைவுட் சீப்பு பின்னால் தடதடவென்று ஆடிக்கொண்டே வந்தது. அண்ணி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தெருவில் இறங்கியபோது சாந்தா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அதன் மேல் திரும்பியது.

"உங்க நாலு ஓட்டும் எதுல குத்துனீங்க அக்கா? சத்தியம் பண்ணிச் சொல்லுங்க!"

"கொழாய்லதான்யா குத்துனோம்." அது குரலெடுத்து அழுதது. "சீப்புன்னு நீ சொன்னது தெரியும்யா. உள்ள போயி கொழாயைப் பாத்தா அண்ணன் சிரிக்கிற மாதிரியே இருக்கு. அவரை வுட்டுட்டு எப்படி வேற எதுலயோ குத்துறது?"

"அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்? ஒம்போது நாளு நாயாக் கத்துனேனே! செத்த மனுசனுக்கா ஓட்டுப் போடுவாங்க? எல்லாரும் சேந்து அந்த ரோட்டை அவன் கையில தூக்கிக் குடுத்துட்டீங்களே!"

தெருவே வெளியே வந்துவிட்டது. நான் ஒவ்வொரு வாசலாகப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். பின்னால் அண்ணி கூப்பிட்டார்.

"தம்பி. போதும் வா."

"நீங்க சும்மா இருங்க அண்ணி. இவங்க பண்ணதுக்கு..."

"அவங்களைத் திட்டாத. நானும் அதுலதான் குத்துனேன்."

எனக்குப் புரியவில்லை. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்தார். மை வைத்த விரலை மறு கையால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"சீப்புகிட்டதான் முத்திரையக் கொண்டு போனேன் தம்பி. பக்கத்துலயே கொழாய் இருக்கு. அவரை எதுத்து நானே நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அவரைத் தோக்கடிச்சுட்டு நான் ஜெயிக்கணுமான்னு தோணிப்போச்சு. ரொம்ப நேரம் நின்னேன். கை போவலை."

சாந்தா அக்காவின் அழுகைகூட நின்றுவிட்டது. வார்டில் அறுநூற்றுப் பதினொரு பேர் முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அத்தனை பேரும் என் அண்ணனை அவ்வளவு மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள். அதை வைத்தே அண்ணன் செய்த ஒரே காரியத்தை வைரக்கண்ணு ஆட்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கத் தோதாகப் படம் போட்டு வீடு வீடாக மாட்டி வைத்தவன் நான்.

ஆடி முடிவதற்குள் ஒன்றியக் குழு கூடியது. தீர்மானம் ரத்து, எட்டுக்கு ஏழு. மறுநாள் காலையில் கேஸ் கட்டர் வைத்து அந்தக் கம்பியை அறுத்தார்கள். ஊரே நின்று பார்த்தது. அறுக்க வந்தவன் எனக்குத் தெரிந்தவன்தான், பாடாலூரில் என்னோடு வேலை செய்தவன். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். தூண்களை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் இன்னும் அங்கேதான் நிற்கின்றன.

இப்போது காலை எட்டு மணியிலிருந்து வரிசையாக டிப்பர் வருகிறது. தெருவில் வீடு அதிரும். ஆணியில் தொங்கும் காலண்டர்கள் சுவரில் டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். அடுத்த வருசம் நான் காலண்டர் அடிக்கவில்லை. சனங்கள் பழையதைக் கழற்றவும் இல்லை. தேதித்தாள் தீர்ந்த அட்டையில் அண்ணனும் குழாயும் மட்டும் இருக்கிறார்கள்.

அண்ணி முந்திரி வேலைக்குத் தாமதமாகத்தான் போகிறார். முதலில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே போய் நின்றுகொள்வார். நந்தினியும் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகளும் ரோட்டைக் கடக்க அவர் கை காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். டிப்பர் ஒன்று கடந்ததும் சுண்ணாம்புத் தூசி வெள்ளையாகக் கிளம்பி ஆளை மூடிவிடும். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ரோட்டோரத்தில் நிற்கும் நானும் மூடிக்கொள்கிறேன்.

அண்ணி மட்டும் மூடுவதில்லை. மகள் கையை இறுகப் பிடித்தபடி, கண் சிவந்து தண்ணீர் வழிய, அடுத்த லாரி எங்கே வருகிறது என்று அந்தத் தூசிக்குள் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.